படம் வராத பட்டியல்

‘மாணவர் காசில் கேமிங் கம்ப்யூட்டர்’ என்று வீடியோ போட்ட தம்பி, நீ சொன்னது பொய். கிராபிக்ஸ் இல்லாத பிராசசரை இப்போது வாங்குங்கள், கிராபிக்ஸ் கார்டை அடுத்த செமஸ்டர் வாங்கிக்கொள்ளலாம் என்றாய். அதுவரை திரையில் ஒரு புள்ளிகூட வராது என்பதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டாய் என்று நான் நம்பமாட்டேன்.

நான் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபத்திரண்டு வருடமாக ஸ்குரூடிரைவர் பிடிக்கிறவள். இன்றைக்கும் உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர், “அண்ணே இல்லையாக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். “அண்ணே வீட்ல சோறாக்குறாரு. ஒங்களுக்கு என்ன வேணும்?” என்பேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

1. கண்ணாடிப் பெட்டி

தர்ஷினி செமோரிலிருந்து அம்மாவோடு வந்தாள். அனிமேஷன் படிக்கிற பெண். படிப்புக்கும் வேண்டும், கேம் விளையாடவும் வேண்டும். கையில் இரண்டாயிரத்து நானூறு ரிங்கிட். ஜெலாப்பாங்கில் ஒரு கிலாங்கில், அதாவது ஃபேக்டரியில், லீவு முழுக்க நின்றுகொண்டே பெட்டி ஒட்டிச் சேர்த்தது. அது போனால் அவளுக்கு இன்னொரு லீவு வரும்வரை எதுவும் கிடையாது.

கைப்பேசியை நீட்டினாள். உன் பட்டியல். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கேசிங், வானவில் மாதிரி எரியும் ஏழு ஃபேன், பெயரே போடாத பவர் சப்ளை, கிராபிக்ஸ் இல்லாத பிராசசர்.

“கார்டு எங்கம்மா?”

“அடுத்த செமஸ்டர்ல வாங்குவேன்க்கா. வீடியோல அப்படித்தான் சொன்னாங்க.”

மேசையில் ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு மிஷினில் அதே வகை பிராசசர் இருந்தது. அதன் கார்டைக் கழற்றிவிட்டு பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. லைட் எரிந்தது. திரை கறுப்பு.

“படம் எங்கக்கா?”

“அடுத்த செமஸ்டர் வரும்.”

அவள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “அலமாக்! ஆறு மாசம் லைட்டப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பா லா இவ!”

பிறகு நானே எழுதிக் கொடுத்தேன். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற பிராசசர். ரேம் ஒன்றாக வாங்காமல் இரண்டு துண்டாக. உள் கிராபிக்ஸ் ரேமைத்தான் தின்று ஓடும், ஒற்றை ரேம் போட்டால் கேம் நொண்டும். பிறகு கார்டு வாங்கினாலும் தாங்குகிற, பெயர் தெரிந்த பவர் சப்ளை. கேசிங் சாதா தகரம். பெரிய கேம் எல்லாம் உச்சத்தில் ஓடாது என்பதையும் சொல்லிவிட்டேன். மானிட்டருக்குப் பதில் இப்போதைக்கு வீட்டு டிவி.

“அக்கா, ஒரே ஒரு கலர் ஃபேன்?”

“தீவாளிக்கு வாங்கிக்க.”

2. வெள்ளிக்கிழமை பத்தரை

பூட்டி முடித்தேன். சோதித்துப் பார்க்க வயரை எடுத்தபோது தர்ஷினியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மொத தடவ வீட்லதான் ஆன் பண்ணணும். சாமி கும்பிட்டு, நல்ல நேரத்துல.”

இரண்டு மணி நேரம் ஓடவிடாமல் எதையும் நான் வெளியே விட்டதில்லை. முடியாது என்றேன். அவரும் முடியாது என்றார். கடை முதலாளி பாய் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“புதுக் காடி வாங்குனா டயர எலுமிச்சம்பழத்துல ஏத்துறாங்க. கம்ப்யூட்டரு மட்டும் என்னம்மா பாவம் செஞ்சிச்சு? நீயும் கூடப் போ. போயி அங்கயே ஓடவிட்டுப் பாரு.”

வெள்ளிக்கிழமை காலை போனேன். ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் எழும்பிய தாமான் குடியிருப்பு, வரிசை வீடுகள். தோட்டத்தில் ஒன்றாக இருந்த சொந்தங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். கேசிங்குக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. “பூவ மேல வையுங்க, முன்னாடி காத்துப் போற வழி!” என்று நான் கத்த, “கடைக்காரம்மா ஐயர விட மோசம் லா,” என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

பத்தரைக்கு ராகு காலம். பத்து மணிக்குத் தர்ஷினி பட்டனை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. டிவியில் ‘நோ சிக்னல்’.

சிரிப்பு நின்றது. பெரியம்மா ஒருவர், “மேக்கால பாத்து வைக்காதன்னு நேத்தே சொன்னேன்,” என்றார். தர்ஷினி என்னைத்தான் பார்த்தாள்.

“அக்கா... இதுக்கும் கார்டு வேணுமா?”

உன் பட்டியலுக்கும் என் பட்டியலுக்கும் அந்த நிமிடம் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பெட்டியைத் திறந்தேன். ஒரு ரேம் துண்டின் ஒரு முனை மட்டும் பள்ளத்தில் சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றது. ரோடு குலுக்கியதில் கழன்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ரேமைப் பிடிக்கும் கொக்கி அந்த முனையில் மூடவே இல்லை; மூடியிருந்தால் குலுக்கலில் திறக்காது. நான்தான் முழுக்க அழுத்தவில்லை.

“என் தப்பு. சாமி மேலயும் இல்ல, திசை மேலயும் இல்ல. நான் சரியா பூட்டல,” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், மணி பத்து இருவதாச்சு!” என்று அம்மா விரட்டினார்.

கட்டைவிரலால் அழுத்தினேன். டிக். தர்ஷினி மறுபடி பட்டனைத் தட்டினாள். கறுப்பு, கறுப்பு, பிறகு படம். யாரோ விசில் அடித்தார்கள். மத்தியானம் விண்டோஸ் ஏற்றி, அவள் கேட்ட கேமும் ஏறி ஓடியபோது எனக்கு இரண்டாவது தட்டு கேசரி வந்திருந்தது. பெரியம்மா ரகசியமாக, “இதுல சீரியல் பாக்கலாமா?” என்று கேட்டார். பாக்கலாம் என்றதும் மேற்குத் திசை சரியாகிவிட்டது.

இப்போதெல்லாம் பெட்டிக்குள் வைக்கும் முன்பே, போர்டை மட்டும் மேசையில் கிடத்தி, அதன் பவர் ஊசிகளை ஸ்குரூடிரைவர் முனையால் தொட்டு ஆன் செய்து, இரண்டு மணி நேரம் ஓடவிடுகிறேன். கேசிங்கின் பட்டனைத் தொடுவதில்லை. அதை முதலில் அழுத்துகிற பாக்கியம் வீட்டுக்காரர்களுக்கு. ஓடவிட்டுப் பார்க்காத எதையும் மாணவர் கையில் கொடுக்காதீர்கள், அது மிஷினாக இருந்தாலும் பட்டியலாக இருந்தாலும். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு நான் கற்றது அதுதான்.

தம்பி, பதினைந்து பேர் முன்னால் நான் என் தப்பைச் சொன்னேன். ஒன்றும் குறைந்துபோகவில்லை, கேசரிதான் கிடைத்தது. உன் வீடியோவுக்குக் கீழே மூன்று தடவை கேள்வி கேட்டேன். மூன்றையும் அழித்தாய். அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டுவதற்கு உனக்கு என்ன கிடைத்தது? உன் பட்டியலில் இருக்கிற சாமான்களை மட்டும் பூட்டி, கேமரா முன்னால் ஆன் செய். கமெண்டைத் திறந்து வை. திரையில் என்ன தெரிகிறது? எல்லாரும் பார்க்கும்படி சொல்.