என்னைப் பேச வைத்த எண்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவரும் அவருடைய அம்மாவும் மூங்கில்துறைப்பட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அதன் பிறகு சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லாமல் எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். அவர் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர்.

பெண்ணைப் பாடச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். குரல் இனிமையைப் பார்க்க அல்ல, பேச்சு வருகிறதா என்று பார்க்கத்தான். நானோ காபி டம்ளரை நீட்டியதோடு சரி, தலை நிமிரவில்லை. முன்பு வந்த ஒரு குடும்பம் என்னை ஊமை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. இவர்களும் அப்படியே போய்விடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம்.

"இன்னா கண்ணு, ரெண்டு வரி பாடேன். மரத்த எடுக்கற வரைக்கும் நாங்க இங்கதான கெடக்கணும்" என்றார் அவர் அம்மா.

"அதுக்குக் கூச்சம் ஜாஸ்திங்க" என்றாள் என் அம்மா.

"கூச்சமா, வாயே வராதா? உள்ளதச் சொல்லிடும்மா."

எனக்கு ஒரு பாட்டும் ஞாபகம் வரவில்லை. ஓர் எண்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை ஒன்றை ஏழால் வகுத்து, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தச் சொன்னார்கள். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. போட்டுக்கொண்டே போனேன். 142857 வந்தது; பிறகு மறுபடியும் 142857. அதைத் தனியே எடுத்து இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் 428571. அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை, கிளம்பும் இடம் மட்டும் வேறு. கோயிலைச் சுற்றுகிறவர்கள் ஆளுக்கொரு வாசலில் தொடங்கியதுபோல. களை எடுக்கும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

அதையே, தரையைப் பார்த்தபடி ராகம் போட்டுச் சொன்னேன். ஐந்தால் பெருக்கி 714285 வரை வந்ததும் மூச்சு வாங்கியது.

"இது எந்த சாமி பாட்டுடா?" என்று மகனிடம் கேட்டார் அவர் அம்மா.

அவரோ வாசலுக்கு இறங்கியிருந்தார். மண்ணில் குச்சியால் எழுதிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "ஆறால போட்டா 857102 வருது. உங்க பாட்டு இங்க நின்னுபோச்சுங்க" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். "கையில நாலு இருந்துதே, அத எங்க வுட்டீங்க?"

கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். அவர் அழித்துவிட்டு மறுபடி போட்டார். 857142.

"அட ஆமா! அப்போ ஏழால?"

"நீங்களே போட்டுப் பாருங்க."

போட்டார். வரிசையாக ஆறு ஒன்பதுகள். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கும்படி சிரித்தார். "எம்மா, அத்தினியும் ஒம்போதும்மா!"

"ஊமைன்னாங்க! எம்புள்ளையவே மெரட்டுது" என்றபடி அவர் அம்மா எழுந்தார். "பூ வெச்சிடலாங்க."

போராட்டத்தால் கடைக்குப் பூ வந்திருக்கவில்லை. அவர் அம்மா தன் தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து, பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்தார்.