தோரிகாவின் வாய்

தீவுக் கரையோர ஊரான வைலோலோவில் சாவு விழுந்தால் தோரிகாவின் பக்கத்தில் உட்காரப் பெண்கள் பயப்படுவார்கள். எங்கே அழுகை நின்றுவிடுமோ என்ற பயம்தான். செத்தவர் தன்னிடம் நண்டு வாங்கித் தின்ற கதையை அவள் காதோடு காதாகச் சொல்லிவைப்பாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறவர்களைப் பார்த்து, பாவம், துக்கம் தாளவில்லை என்று பாதிரியார் நினைத்துக்கொள்வார்.

"இந்த வாய் உன்னை எங்கே கொண்டுபோய் விடப்போவுதோ" என்று அவளுடைய அம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள். அது கொண்டுவந்து விட்ட இடம் வைலோலோதான். மலைப்பக்கத்து ஊர்ப் பெண்ணான தோரிகா, ரக்பி ஆட்டம் பார்க்க இங்கே வந்திருந்தபோது, பந்தைத் தவறவிட்ட எமோசி என்ற பையனை ஆட்டம் முடியும்வரை கேலி செய்து தீர்த்தாள். அவன் திரும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுவருஷம் அவன் வீட்டார் ஊர் வழக்கப்படி திமிங்கிலப் பல்லை ஏந்திக்கொண்டு பெண் கேட்டு வந்துவிட்டார்கள். கல்யாணமான பிறகும் எமோசி பேசவில்லை. அவன் பங்குக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

அலையாத்திக் காட்டுச் சேற்றில் நண்டு பிடித்து, சனிக்கிழமை சவுசவு சந்தையில் விற்பது அவள் பிழைப்பு. வீடு கரையோரம். முன்பெல்லாம் பெரிய ஓதம் என்றால் ஈரப்பலா மரத்தடி வரைதான் தண்ணீர் வரும். பிறகு சமையல்கட்டுக்குள்ளேயே வர ஆரம்பித்தது. "நல்லதாப் போச்சு, கடலே வந்து பாத்திரம் கழுவிட்டுப் போவுது" என்று சந்தையில் சொல்லிச் சிரிக்கவைத்தாள். ஆனால் உப்பேறி அவளுடைய சேப்பங்கிழங்குப் பாத்தி முழுதும் அழுகிய வருஷம், அதைப் பற்றி அவள் யாரிடமும் வேடிக்கையாகப் பேசவில்லை.

அந்த வருஷம்தான் தலைநகர் சுவாவிலிருந்து வாசிதி என்ற பெண் வந்து ஊர்ப் பெண்களைக் கூட்டினாள். கடல் ஏறுவதைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதையும் தான் சொல்லப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். "இதுக்காக யாரும் வேற ஆளா மாற வேணாம். உங்களுக்கு எது நல்லா வருமோ, அதை வெச்சு என்ன செய்யலாம்னு பாப்போம்" என்றாள். லித்தியா வைத்தால் எந்தச் செடியும் பிழைக்கும். உனாய்சிக்குப் பாய் பின்னும் கை. நாற்று வளர்க்கக் கூடை முடைவாள். ஒவ்வொருவராகச் சொல்லி வந்து தோரிகாவின் முறை வந்தது.

"எனக்கு நண்டு பிடிக்க வரும். என் குரலைக் கேட்டாலே ரெண்டு கையையும் தூக்கிட்டு வெளிய வந்துரும்."

"இவ வாயை வெதச்சு விட்டா புயல்கூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது" என்றாள் லித்தியா. எல்லோரும் சிரித்தார்கள், தோரிகாவும்தான். வீட்டுக்கு வந்தபின் அவள் சும்மா இருப்பதைக் கண்டு எமோசி பயந்துபோனான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு இருக்கு. எனக்குத்தான் எதைச் சொல்றதுன்னு தெரியல."

பெண்கள் சேர்ந்து கரை நெடுக அலையாத்தி நாற்று நட்டார்கள். அடுத்த ஓதத்தில் பாதி போயிற்று. மறுபடி நட்டார்கள்; மறுபடி போயிற்று. "வளைகுடா முனையில பெரிய மரங்க நின்னு அலையை ஒடச்சாத்தான் இந்தக் குட்டிங்க வேர் பிடிக்கும். அங்கதான் வெட்டு நடக்குதே" என்றாள் லித்தியா. ஆமாம், நடந்தது. வளைகுடாவுக்கு அக்கரையில் உள்ள நகேலே ஊர்க்காரன் கித்தியோனே படகில் வந்து, மெஷின் ரம்பத்தால் முனையின் மரங்களை அறுத்து, நகரத்துக்கு விறகாக ஏற்றிக்கொண்டிருந்தான். முனை இரண்டு ஊருக்கும் பொது.

ஊர்த்தலைவர் இனோக்கேயிடம் பெண்கள் போனார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"போன மாசமே போயிட்டு வந்தேன்மா. காணிக்கையா யங்கோனா வேரை முன்னால வெச்சு, மரியாதையாத்தான் கேட்டேன். அவனும் கையைத் தட்டி வாங்கிக்கிட்டு, மரியாதையா சரின்னான். திங்கக்கெழம பழையபடி வந்து வெட்டுறான். அதுக்கு மேல எப்படிச் சொல்றது? ஒறவு கெட்டுப்போவுமே."

தோரிகா அதையே யோசித்துக்கொண்டு நடந்தாள். எல்லோரும் எல்லோரிடமும் அவ்வளவு மரியாதையாக இருக்கிறார்கள். அந்த மரியாதைக்கு நடுவில் மரம் போய்க்கொண்டிருக்கிறது. கித்தியோனேயின் முகத்துக்கு நேரே எதையும் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கித்தியோனேயின் அம்மா அவளுடைய அப்பாவின் கூடப்பிறந்தவள். அவன் அவளுக்கு அத்தை மகன், மச்சான். மச்சானைக் கேலி செய்யாமல் இருந்தால்தான் குற்றம். மாமன் மகள் என்ன சொன்னாலும் அவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவள் கேட்டதை இல்லை என்றும் சொல்லக் கூடாது.

நகேலேயில் தேவாலயத்துக்குப் புதுக் கூரை போட்ட விருந்துக்கு இரண்டு ஊரும் கூடியது. மண்குழி அடுப்பிலிருந்து பன்றியும் கிழங்கும் எடுத்தாகிவிட்டது. ஆண்கள் யங்கோனா வேரை இடித்துக் கரைத்த சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சிரட்டையில் குடித்துக்கொண்டிருந்தார்கள். தோரிகா தன் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு பானையோடு நேராகப் போய்க் கித்தியோனேயின் முன்னால் இறக்கினாள்.

"மச்சான், வந்துட்டேன்."

"எங்க வந்த, மாமன் மவளே?"

"குடித்தனத்துக்குத்தான். என்னை நெனச்சு ஏங்கித்தானே எங்க வேலியை வெட்டிட்டிருக்க? கடல் வந்து வீட்டை எடுத்துட்டா இவ வேற எங்க போவா, நம்ம வீட்டுக்குத்தானேன்னு கணக்குப் போட்டுட்ட. வாய் தெறந்து கேட்டிருந்தா அப்பவே வந்திருப்பேனே! எமோசியும் சாமான் கட்டிட்டிருக்கார். பொண்டாட்டிய எங்க பாயை ஒதுக்கிப் போடச் சொல்லு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கித்தியோனேயின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வா அக்கா, இந்த ஆளை நீயே கூட்டிட்டுப் போயிரு, இங்க நிம்மதி" என்றாள். கித்தியோனேயும் சிரித்தான். சிரிக்காமல் முடியாது.

"சரி, பரிசமா என்ன தர்றே?" என்றாள் தோரிகா. "படகு வேணாம், உன்னை மாதிரியே ஒழுகுது. அந்த ரம்பத்தைக் கொடு."

சிரிப்பு அடங்கியது. அவள் கேட்டுவிட்டாள், அத்தனை பேர் முன்னிலையில் மச்சானைக் கேட்டுவிட்டாள். கித்தியோனே சிரட்டையைக் கீழே வைத்தான். பிறகு எழுந்துபோய் ரம்பத்தைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான். ஊரே கைதட்டியது. திரும்பும் படகில் பெண்கள் அவளைத் தூக்காத குறைதான்.

அடுத்த வாரம் ஒரு பகலில் கித்தியோனே தோரிகாவின் வீட்டுக்கு வந்தான். ரம்பத்தைப் பற்றிக் கேட்க முறை இல்லை, கேட்கவும் இல்லை. வாசலில் உட்கார்ந்தான்.

"என்ன மச்சான், புதுப்பொண்ணைப் பாக்காம இருக்க முடியலியா?" என்று தொடங்கியவள், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"யங்கோனாத் தோட்டம் மொத்தமும் புயல்ல போச்சு தோரிகா. புதுசா வெச்சது வெட்டுக்கு வர நாலஞ்சு வருசமாவும். அதுவரைக்கும் புள்ளைங்களுக்கு என்ன கொடுப்பேன்? வெறகு வெட்டுறது பெருமைன்னா செஞ்சேன்?"

தோரிகா அவனெதிரே வந்து உட்கார்ந்தாள். விருந்தில் எல்லோரும் சிரித்தபோது இந்த மனுஷன் எதை விழுங்கிக்கொண்டு சிரித்தான் என்பது இப்போதுதான் தெரிந்தது. கேலி என்பதால் அவனால் பதில் சொல்லவும் முடியவில்லை. தன் வாய்க்கு இப்படியும் ஒரு பல் இருப்பதை அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. கிழங்கை அவித்து அவன் முன்னால் வைத்துவிட்டு, அவன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவளுக்கு அது பழக்கமில்லாத வேலை.

கடைசியில் சொன்னாள்: "நீ வெட்டுற வேருக்கு அடியிலதான் மச்சான் என் நண்டு இருக்கு. மரம் போனா எனக்கும் போச்சு. என்கூட சேத்துல எறங்கு, காட்டித் தர்றேன். வெள்ளிக்கெழம எல்லாப் பொம்பளைங்க நண்டையும் உன் படகுல ஏத்து. லாரிக்காரனுக்குக் கொடுக்குற கூலியை உனக்குக் கொடுக்கச் சொல்றேன்."

"நண்டு புடிக்கிறது பொம்பள வேலை."

"அப்ப பொறுமை வேணும்னு அர்த்தம். மெதுவா வந்துரும் உனக்கு."

அவன் போகும்போது ரம்பத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள். எமோசி அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தான். கித்தியோனே ஒரே நாளில் திருந்திவிடவில்லை. இரண்டு மாதம் அளவைக் குறைத்துக்கொண்டு வெட்டினான். நண்டு பழகியதும் விட்டான். அவன் விரல்களை நண்டு கவ்வாத நாள் குறைவு; அதை அவள் சந்தை முழுக்கச் சொல்லி முடித்தாள். முனையில் மிஞ்சிய மரங்கள் நின்றன. லித்தியாவின் நாற்றுகளில் பாதிக்கு மேல் பிழைத்தன.

அதனால் கடல் வராமலில்லை. மேட்டுக்குக் குடிபோக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைமைக் குடும்பத்துப் பெரியவர் ராத்து பெசெலி மட்டும் அசையவில்லை; அவர் மனைவியின் கல்லறை வீட்டை ஒட்டி இருந்தது. அவர் அசையாமல் ஊர் அசையாது.

"தோரிகா, நீ போய் ஒரு போடு போடு" என்றார்கள் பெண்கள்.

"என்ன பேசுறீங்க? அவர் எனக்கு மாமனார் மொறை. முன்னால நின்னு நிமுந்துகூடப் பாக்க மாட்டேன். என் வாய் மச்சானுக்குத்தான், மாமனாருக்கு இல்ல" என்று எரிந்து விழுந்தாள்.

யாரும் சொல்லாமலே எமோசி போனான். தினமும் பிற்பகல் பெரியவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பெரியவர் மனைவியைப் பற்றிப் பேசினார். அவள் சுட்ட மீனைப் பற்றி, அவள் போட்ட சண்டையைப் பற்றி. எமோசி கேட்டுக்கொண்டிருந்தான். தென்கிழக்குக் காற்று மாறும்வரை அப்படியே போயிற்று. ஒருநாள் பெரியவர், "மேட்டுல காத்து வருதாடா?" என்றார்.

"வருது."

"அங்கேருந்து இந்தக் கல்லறை தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப மொதல்ல சமையல்கட்டைக் கட்டுங்க. பட்டினியோட என்னால குடிபோவ முடியாது."

எமோசி வந்து சொன்னபோது தோரிகா நண்டுகளின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். "நீ என்னதான் சொன்னே அவர்கிட்ட?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவனிடம் சொல்ல எதுவும் இல்லை. மறுநாள் காலை ஊர் ஆண்கள் மேட்டில் சமையல்கட்டுக்குக் கால் நடக் குழி தோண்டப் போனார்கள். அக்கரையிலிருந்து கித்தியோனேயின் படகும் வந்துகொண்டிருந்தது. தோரிகா அவர்களுக்கு எல்லாம் சோறு வடிக்க வேண்டியிருந்ததால் அன்று நண்டுக்குப் போகவில்லை.