மத்தியானக் கொட்டு

என் வீட்டுக்காரருக்கு இடது கை வராது. இதை எழுதும்போதுகூட யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று தாளை மறைத்துக்கொள்கிறேன். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இருந்தாலும் அப்படித்தான்.

கோயமுத்தூரில் மில் லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்த காலம். தெருக்குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரத் தொடங்கிய புதிது. பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். ஒரே அறை, மூலையில் அடுப்பு, பக்கத்து வீட்டில் பெருமூச்சு விட்டால் இந்த வீட்டில் கேட்கிற சுவர். வீட்டுக்காரருக்கு மில்லில் பஞ்சு உடைக்கிற இடத்தில் வேலை. புருவமும் மீசையும் வெள்ளையாகத்தான் வீடு வந்து சேர்வார். இருமல் வேறு பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயம் பார்த்து முதலாளிக்கு பேண்டு வாத்தியம் வைத்துக்கொள்ளும் ஆசை வந்தது. தையில் அவர் வீட்டுக் கல்யாணம். ஊர்வலத்துக்கு வெளியாள் எதற்கு, நம் ஆட்களையே பழக்கிவிடலாம் என்றாராம். தேறினவர்களைத் தூசியில்லாத பக்கத்துக்கு, நூல் கட்டு போடுகிற வேலைக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். எனக்கு அது போதும். அந்த இருமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நானேதான் அவரைப் பிடித்துத் தள்ளிப் பெயர் கொடுக்க வைத்தேன். குழல் ஊத மூச்சு இல்லாததால் சைடு டிரம் கொடுத்தார்கள்.

சைடு டிரம்மின் அடித்தோலுக்குக் குறுக்கே நரம்பு இழுத்துக் கட்டியிருக்கும். மேலே குச்சியால் தட்டினால் கீழே அது சர்ரென்று அதிரும். வலது கைக் குச்சியைச் சுத்தியல் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கலாம். இடது கைதான் பாடாய்ப் படுத்தும். உள்ளங்கை மேலே பார்க்க, குச்சி கட்டைவிரல் இடுக்கில் கிடந்து மோதிர விரல்மேல் சாய்ந்திருக்க வேண்டும். மணிக்கட்டைப் புரட்டித்தான் அடி. முதல் பாடம் வலதில் இரண்டு, இடதில் இரண்டு. மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, அடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உறுமலாகும்வரை போய், பிறகு பழையபடி மெதுவாக்கி இறக்க வேண்டும். அதற்கு ரோல் என்று பெயராம். பட்டாளத்திலிருந்து வந்த பேண்டு மாஸ்டர் அதை ‘டாடி மம்மி’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் வீட்டில் ‘அப்பா அம்மா’ என்று முணுமுணுத்துக்கொண்டே அடிப்பார்.

பழகுவதற்கென்று ஒரு பழைய டிரம்மை வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தார்கள். சாயந்திரம் மில் சங்கு ஊதி வீடு வந்ததும் முகம் கழுவிவிட்டு உட்காருவார். வலது கை அப்பா நன்றாக வரும். இடது கை அம்மா நொண்டும். வேகம் கூட்டினால் இடது கைக் குச்சி பறந்துபோய் அடுப்படியில் விழும். குச்சியைக் கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பிடிக்கிறார் என்று பார்க்கிற எனக்கே தெரிந்தது.

“கொஞ்சம் விட்டுப் பிடிச்சுப் பாருங்களே” என்றேன் ஒரு நாள்.

“ஏம்புள்ள, நீ எந்தப் பட்டாளத்துல கொட்டடிச்சுப்போட்டு வந்தே?”

அதோடு வாயை மூடிக்கொண்டேன். வாயைத்தான் மூடினேன், கை சும்மா இருக்கவில்லை. ஒரு மத்தியானம் கூட்டுவதற்காக டிரம்மைத் தூக்கி நகர்த்தியவள், குச்சியை எடுத்து விளையாட்டாகத் தட்டிப் பார்த்தேன். நான் எருமை கறந்தவள். இரண்டு கைக்கும் ஒரே பலம். உலக்கை போட்டவளுக்கு ஓங்கவும் தெரியும், விழும்போது விட்டுவிடவும் தெரியும். இங்கேயும் அதே சங்கதிதான். முதல் அடியை அடித்தால், இரண்டாவதைத் தோலே எழுப்பிக் கொடுக்கும். விரலால் அதை ஏந்திக்கொண்டால் போதும். நாலைந்து நாளில் இடது கை வலது கையைப் போலவே பேசியது. தோல்மேல் பழைய வேட்டியை மடித்துப் போட்டுக்கொண்டு, அவர் மில்லுக்குப் போனதும் உட்கார்ந்துவிடுவேன். உறுமல் கூடிவரும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கும். வெட்கமும் வரும். குடியானவர் வீட்டுப் பெண் தோல் தட்டுகிறாள் என்று ஊரில் தெரிந்தால் என் அப்பா சந்தைக்குப் போக முடியுமா? வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அவர் இன்னும் நொண்டிக்கொண்டிருக்கும்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

பக்கத்து வீட்டு அக்கா பல்லடத்துக்காரி. வாய் இனிப்பு, காது கத்தி மாதிரிக் கூர்மை. குழாயடியில் குடத்தை நிமிர்த்திக்கொண்டே கேட்டாள்.

“ஏன் கண்ணு, மத்தியானம் உங்கூட்டுல யாரு கொட்டடிக்கறாங்க?”

“எங்கூட்டுக்காரருதானுங்க்கா. பழகறாரு.”

“அவருதான் ஷிப்டுக்குப் போயிடறாரே அம்மணி?” என்று சிரித்தாள். “அவரு அடிச்சா எனக்குத் தெரியாதாக்கும்? நொண்டி மாடாட்ட இழுக்கும். மத்தியானம் அடிக்கறவன் நல்ல கைகாரனாட்ட இருக்குது.”

அடிக்கறவன் என்றாள். குழாயடியில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் அடித்தேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கொட்டடித்தாள் என்ற பேச்சுக்குப் பயந்து ஊமையாக நின்றேன். குடம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அவர்கள் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து டிரம்மைத் தொடவில்லை. ஆனால் தை நெருங்கிவிட்டது. மாஸ்டர் ஒவ்வொருவராக அடிக்கச் சொல்லிப் பார்த்து, தேறாதவர்களைக் கழித்துவிடப் போகிறார் என்றார்கள். இவருக்கோ அம்மா இன்னும் நொண்டுகிறது, ராத்திரியெல்லாம் இருமல். எந்த இடத்தில் கை தடுக்குகிறது என்று கண்டுபிடித்தால் எப்படியாவது நைசாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் கதவைத் தாழ்போட்டுவிட்டு, அவர் பிடிக்கிற மாதிரியே இறுக்கிப் பிடித்து அடித்தேன். பிறகு என் பிடியில் அடித்தேன். அதில் மெய்மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

கதவு இடிபட்டது. திறந்தால் என் வீட்டுக்காரர், மீசையில் பஞ்சோடு. யாரோ மில்லுக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார்கள், பாதி ஷிப்டில் வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பல்லடத்து அக்கா, குழாயடிப் பெண்கள், வேலை முடிந்த இரண்டு மூன்று ஆண்கள். கையும் களவுமாகப் பிடிக்க வந்த கூட்டம்.

“எவண்டி அவன்?”

“எவனுங்க?”

என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். விறகுக் குவியலைக் காலால் எத்தினார். ஐயோ சாமி, அரிசிப் பானையின் மூடியைக்கூட ஒருத்தி திறந்து பார்த்தாள்! ஆள் அதற்குள்ளேயா உட்கார்ந்திருப்பான்? இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

“நாந்தானுங்க அடிச்சேன்” என்றேன்.

“நீயா?” என்றார். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

“அப்படீன்னா அடிச்சுக் காட்டட்டுமே” என்றாள் பல்லடத்து அக்கா. “அடிச்சுப்போட்டா ஒரு பேச்சும் இல்லீங்களே.”

அவர் குச்சியை எடுத்து என் முன்னால் போட்டார். ஒரு அடி பிசகினாலும் என் பிழைப்பு முடிந்தது. புடவையைச் சுருட்டிக்கொண்டு பெருந்துறை பஸ் ஏற வேண்டியதுதான். அத்தனை பேருக்கு நடுவில், முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். தோல்மேல் கிடந்த வேட்டியை எடுத்து அப்பால் போட்டேன். அப்பா அப்பா, அம்மா அம்மா. மெதுவாகத் தொடங்கினேன். வேகம் கூட்டினேன். அடிகள் ஒட்டின. உறுமல் அறையை நிறைத்தது. பிறகு அவசரப்படாமல் இறக்கி, கடைசி அடியை இடது கையால் வைத்து நிறுத்தினேன்.

“அட கெரகமே, இவளேதானுங்க!” என்றாள் பல்லடத்து அக்கா. அவள் முகத்தில் ஏமாற்றம்தான் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வாசலில் நின்ற ஆண்களில் ஒருவர் அதே பேண்டில் குழல் ஊதுகிறவர். அவர் சும்மா இருந்திருக்கலாம்.

“ஏப்பா, தை ஊர்வலத்துக்கு உங்கூட்டுக்காரியவே அனுப்பி வெச்சுரு. உன்னையக் காட்டியும் கை சுத்தமா இருக்குது.”

லைன் முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரர் மட்டும் டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் கலையும்வரை நிமிரவில்லை.

ஆட்கள் போனதும் டிரம்மைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாராம்.

“வேண்டாமுங்க. இனிமே நான் தொடமாட்டேன், சத்தியமுங்க. நீங்க பழகுங்க. அந்தத் தூசி உங்களக் கொன்னுபோடும்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ரெண்டு அடி தப்பா அடிச்சிருந்தா உன்ற கையி கொறஞ்சா போயிருக்கும்?” என்றார்.

“தப்பா அடிச்சிருந்தா உள்ள ஒருத்தன் இருந்தான்னு ஆயிருக்குமேங்க!”

முடிச்சுப் போட்டு இறுக்கினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“ஆயிருந்தா ஆயிட்டுப் போகுது. ஊரு உன்னைய மட்டுந்தானே சிரிச்சிருக்கும்.”

அத்தனை பேர் வாசலில் நின்றபோதுகூட எனக்கு அப்படி வெட்கமாக இருந்ததில்லை. இவருக்காகவா இவ்வளவு நேரம் கெஞ்சினேன்? பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன். அவர் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போனார்.