அம்மாவுக்குப் பின்னாடி

வெள்ளிக்கிழமைக்குள் உயில் கிடைக்காவிட்டால் கடை கைவிட்டுப் போய்விடும். ஃபிரேமக்காவுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷம் அப்பாவோடு நின்று படங்களுக்கு ஃபிரேம் போட்டு, அந்தப் பேரே வந்த கடை அது. அப்பா கண்ணை மூடி ஒரு மாதம்தான் ஆகிறது. அண்ணன் கெட்டவனில்லை, கறார்ப் பேர்வழி, அவ்வளவுதான். "உயிலக் காட்டு, நான் வாயே திறக்கல. இல்லன்னா வித்துட்டு ஆளுக்குப் பாதி" என்று சொல்லிவிட்டான். வெள்ளியன்று வாங்குகிறவர் வருகிறார்.

உயில் இருந்தது சத்தியம். பக்கத்து மருந்துக்கடைக்காரர் சாட்சிக் கையெழுத்தே போட்டிருக்கிறார். "மடிச்சு வாங்கிக்கிட்டு, 'இது அவங்கம்மாவுக்குப் பின்னாடி'ன்னு மட்டும் சொன்னாரும்மா" என்றார். அம்மா போய் ஒன்பது வருஷம். அப்பா காகிதங்களை வருஷவாரியாகக் கட்டி வைக்கிறவர். அம்மாவுக்குப் பிந்திய கட்டுகளைப் பிரித்து, உதறி, தும்மித் தீர்த்தாள். ரசீதுகள் கிடைத்தன, ஒரு கரப்பான் குடும்பம் கிடைத்தது, உயில் மட்டும் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒரு பெரியவர் பழைய படத்தோடு வந்தார்.

"தாத்தாவுக்குப் பின்னாடி பூச்சி அரிச்சிருக்கு, கொஞ்சம் பாருங்க."

"குடுங்க, தாத்தாவ இப்படிப் படுக்க வைங்க" என்று சொன்ன ஃபிரேமக்காவின் வாய் அப்படியே நின்றது. அடப்பாவி அப்பா! இந்தக் கடையில் படம் என்று யார் சொன்னார்கள்? மாப்பிள்ளைக்குக் கண்ணாடி மாற்று, மாமியாரைத் துடைத்து வை, இதுதானே தினப் பேச்சு! வேலை மேஜைக்கு நேர் மேலே, சுவரிலிருந்து அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

கை, ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்துவிட்டது. மூளைதான் தடுத்தது. தனியாகத் திறந்தால், நீயே செருகி வைத்தாய் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும்.

"அண்ணா, போட்டது போட்டபடி ஓடி வா!" என்று போனில் கத்தினாள். மருந்துக்கடைக்காரரை அவர் வாடிக்கையாளரோடு சேர்த்து இழுத்து வந்தாள். தாத்தாவைக் கொண்டுவந்தவரும் நகரவில்லை. இதை விட்டுவிட்டு யார் போவார்கள்?

அண்ணன் வரும் இருபது நிமிஷம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூச்சிரைக்க வந்தவன், அவனே ஸ்டூலில் ஏறி அம்மாவை இறக்கினான். குப்புறப் போட்டார்கள். பின்னட்டையின் ஓரமெல்லாம் ஒட்டியிருந்த காகிதத்தைத் தடவியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இது நான் ஒட்டினதில்ல, அப்பா பிரிச்சு மறுபடி ஒட்டியிருக்காரு!" ஆணிகளைப் பிடுங்கினாள். அட்டை எழும்பியது. நாலாக மடித்த தாள்!

"இதேதான், இதேதான்! என் கையெழுத்து!" என்று மருந்துக்கடைக்காரர் குதிக்காத குறை.

அவள் அதைப் பிரிக்காமல் அண்ணனிடம் நீட்டினாள். "நீயே படிண்ணா."

அண்ணன் கறாராகத்தான் ஆரம்பித்தான். கடை முழுதும் மகளுக்கே என்ற வரியைக்கூடத் தடங்கலில்லாமல் கடந்தான். அடுத்த வரியில்தான் குரல் கரகரத்தது. "என் மகள் இதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. இனியும் யாரிடமும் கேட்கமாட்டாள். அதனால் கேட்காமலே எழுதிவைக்கிறேன்."

ஃபிரேமக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இன்னொரு தடவ படிண்ணா" என்று கேட்டாள். "சத்தமா."