பள்ளத்தில் நின்ற தண்ணீர்

கொழும்பு வெள்ளவத்தையில், கால்வாய்ப் பக்கமாக இறங்கும் எங்கள் ஒழுங்கையில், சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த கையோடு நடந்தது இது. எங்களுக்கு அடுத்த காணியில் அடுக்குமாடி கட்ட நிலத்தடித் தளம் தோண்டியிருந்தார்கள். கட்டடச் சாமான் தட்டுப்பாடு வந்தபோது வேலை பாதியில் நின்றது. எங்கள் மதிலோரமாக மண் சரியாதிருக்க இறக்கிய இரும்புத் தகடுகளும், மழைநீர் நிரம்பிய பெரிய பள்ளமும்தான் மிஞ்சின.

எதிர்வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு வந்ததும் ஒழுங்கை முழுவதும் கொதித்தது. பூச்சாடித் தட்டில் தண்ணீர் நின்றாலே சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடும் ஊரில், எங்கள் பக்கத்தில் ஒரு குளமே நின்றது. எல்லோருமாகப் போய்க் காணிக்காரரைப் பிடித்து, தண்ணீரை இறைக்கச் சொன்னோம். மறுநாளே மோட்டர் வந்தது. தண்ணீர் இறங்க இறங்க எங்களுக்குப் பெரிய நிம்மதி. பள்ளத்தை ஒட்டிய அறையில், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த என் மாமனார், "இனி நுளம்புக்கடி இல்லாமல் நித்திரை கொள்ளலாம்" என்றார்.

அடுத்த நாள் காலை சமையலறைத் தரை ஓடு ஒன்று படாரென்று வெடித்தது. பிறகு யன்னல் மூலையிலிருந்து கூரையை நோக்கி மயிரிழை போல ஒரு கோடு. மதியத்துக்குள் அதில் என் நகம் நுழைந்தது. மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன மனைவி கூப்பிட்டாள். அறைக் கதவு திறக்கவில்லை. யாரும் பூட்டவில்லை, நிலைச்சட்டம் சரிந்து கதவைக் கௌவியிருந்தது.

"அப்பா, எழும்பாதேங்கோ!"

"எழும்ப ஏலுமெண்டால் நான் ஏன் இங்க கிடக்கிறன்?" என்றது உள்ளிருந்து குரல். கொஞ்சம் பொறுத்து, "என்ன பிள்ளை, மேலயிருந்து மண் கொட்டுது?"

கதவை இடித்தால் சுவரே விழலாம். அயலவர் ஒருவர் வாள் கொண்டுவந்து கதவின் கீழ்ப்பாதியை மட்டும் மெதுவாக அரிந்தார். நானும் மனைவியும் ஊர்ந்து உள்ளே போய், மாமாவை மெத்தையோடு தரையில் இறக்கி, அந்த ஓட்டை வழியாக இழுத்தெடுத்தோம். வலியில் அவர் எங்கள் இரண்டு பேரையும் ஏசினார். ஏசட்டும் என்றிருந்தது.

காணிக்காரர் மண் ஆய்வு செய்யும் எஞ்சினியர் ஒருவரைக் கூட்டிவந்தார். அந்தப் பெண் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். இரும்புத் தகடுகள் உட்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"ஆர் தண்ணியை இறைக்கச் சொன்னது?"

நாங்கள் காணிக்காரரைப் பார்த்தோம், அவர் எங்களைப் பார்த்தார்.

"கால்வாயில இருந்து திரும்ப உள்ளுக்கு விடுங்கோ. இப்பவே!"

எதிர்வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. "என்ன மிஸ், பகிடியா? என்ர பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரியில."

"நுளம்புக்கு மருந்து இருக்கு அண்ணை. இந்த வீட்டுக்கு இப்ப அந்தத் தண்ணிதான் முண்டு குடுக்குது."

இந்தப் பக்கம் முழுவதும் சதுப்பை நிரப்பி எடுத்த நிலமாம். மேலே கொட்டிய மண்ணுக்குக் கீழே தயிர் போன்ற களிதான். பள்ளத்தில் நின்ற தண்ணீர் தகடுகளை எதிர்த்து அழுத்தியிருக்கிறது. அது போனதும் களி பள்ளத்தை நோக்கித் தள்ள, அதன்மேல் இருந்த எங்கள் வீடும் கூடவே போகத் தொடங்கிவிட்டது.

மோட்டரின் குழாயைக் கால்வாய்க்குத் திருப்பினார்கள். எஞ்சினியர் வெளிச்சுவர் வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் அசைந்தால் அது உடையும். நாங்கள் எதிர்வீட்டு வாசலில் நின்று, தண்ணீரையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தோம். பள்ளம் பாதி நிறைவதற்குள் கண்ணாடி உடைந்தது. மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். எஞ்சினியர் இன்னொரு துண்டை ஒட்டினார். பொழுது சாயும்வரை அது உடையவில்லை.

ஒரு கிழமைக்குள் பிள்ளை குணமாகி வீடு வந்தாள். எதிர்வீட்டுக்காரரே பொலித்தீன் பையில் குப்பி மீன் வாங்கிவந்து, நுளம்புக் குடம்பிப் புழுக்களைத் தின்னட்டும் என்று பள்ளத்தில் விட்டார். பிறகு அதை மணலால் நிரப்பிவிட்டார்கள். வீடு சற்றுச் சரிந்தாலும் நிற்கிறது. ஆனால் அத்தனை பேரும் ஒரே மனதாகக் கேட்டது கேட்டபடியே கிடைத்ததால்தான் மாமா அந்தக் கதவுக்குப் பின்னால் அகப்பட்டார் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.