நாமக்கோழி பதினாலு

இன்று காலை பைனாகுலர், தொப்பி, நோட்டு சகிதம் எங்கள் தாம்பரம் வீட்டுக்கு எதிரே இருக்கிற ஏரிக்குப் பறவை பார்க்கப் போனேன். மாசி மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை.

மறுகரையில் நின்று நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகளை எண்ணி முடித்தபோது, கரையோர வீட்டிலிருந்து லுங்கியோடு ஒருவர் வந்தார்.

"இன்னா சார், ஏரிய அளக்க வந்தீங்களா?"

"இல்லண்ணா, பறவை பாக்கறேன்."

"வர்ற ஆபீசருங்கல்லாம் மொதல்ல அப்டிதான் சார் சொல்றாங்க."

என் நோட்டை எட்டிப் பார்த்தார். 'நாமக்கோழி 14, முக்குளிப்பான் 6' என்று எழுதியிருந்தேன்.

"பதினாலாம் நம்பர் வூடு என் மச்சானோடது. அவன்கிட்ட பட்டா கீது சார்."

சந்தேகம் தீரட்டும் என்று பைனாகுலரை அவர் கையில் கொடுத்தேன். அவர் கோழிப் பக்கமே திரும்பவில்லை. எதிர்க்கரையை நிதானமாகப் பார்த்தார்.

"தோ, அந்த அபார்ட்மெண்ட்டு மட்டும் ஏரிக்குள்ள இல்லியா? அத மொதல்ல எழுதிக்கங்க சார்."

அது எங்கள் அபார்ட்மெண்ட்.

வீடு திரும்புவதற்குள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில், மறுகரையில் யாரோ எடுத்த என் முதுகுப் பக்கத்துப் போட்டோ வந்துவிட்டது. 'ஆக்கிரமிப்பு அளக்க ஆபீசர் வந்திருக்கார். எல்லாரும் பத்திரத்தை ரெடியா வெச்சுக்கங்க.'

உள்ளே மனைவி பீரோவைக் கலைத்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அந்த போட்டோல இருக்கறது நான்தான்" என்றேன்.

"அது தெரியுது. நம்ம பத்திரம் எங்க?"

இன்னும் கிடைக்கவில்லை. அது சரி, உங்கள் அபார்ட்மெண்ட் எந்த ஏரியில் இருக்கிறது?