அப்பா சொல்லி விதைக்காமல் விட்ட வயல்கள்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்குகிறேன். அப்பாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் குடும்பத்தில் உண்டு. நடக்கத் தொடங்கியிருக்கும் குழந்தையின் பின்னால் ஓடிக்கொண்டே எழுதியதால் சில விட்டுப்போயிருக்கும். சொல்லக்கூடாதவை சில வந்துமிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். தாத்தா குத்தகை நிலத்தில் பயிரிட்டவர். களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்துவிட்டு, ரசீது கேட்காமல் வீடு திரும்புவார். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்த காலம் அது. ரசீது இல்லாததாலேயே நிலம் கைவிட்டுப் போனது. அப்பா சட்டம் படித்தது அதனால்தான் என்று அம்மா சொல்வார்.

தஞ்சாவூரில் வழக்கறிஞரான பிறகு குத்தகைதாரர்களின் வழக்குகளையே அதிகம் நடத்தினார். மாலையில் கட்சிக் கூட்டங்களில் பேசினார். கட்சி அவரைச் சட்ட மேலவைக்கு அனுப்பியது. சில ஆண்டுகளில் அங்கே கட்சி உறுப்பினர்களின் தலைவராகவும் ஆனார். மாலைகளை வைக்க வீட்டில் இடமில்லை. “இனிமே சாம்பாரா ரசமான்னு கேட்டாக்கூட அண்ணன் உறுப்பினர்களக் கூட்டிப் பேசித்தான் சொல்வாரு, அண்ணி” என்று சித்தப்பா அம்மாவைச் சிரிக்க வைத்தார்.

அந்த ஆண்டுதான் கீழ்வேளூர்ப் பக்கத்துக் குத்தகைதாரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களை வெளியேற்ற நிலக்காரர் வழக்குப் போட்டிருந்தார். இவர்களிடமும் ரசீது இல்லை.

“ஆத்துல தண்ணி வந்துடுச்சுங்கய்யா. குறுவைக்கு எறங்கலாமா, வேணாமாங்க?” என்று கேட்டார் அவர்களில் மூத்தவரான கலியபெருமாள்.

“எறங்காதீங்க. அடிதடியானா கேஸ் கெட்டுடும். ரசீது இல்லாத குத்தகைக்கும் பாதுகாப்பு குடுத்து சட்டத் திருத்தம் வருது. நானே எழுதிக் குடுத்திருக்கேன். ஒரு போகம் பொறுத்துக்குங்க” என்றார் அப்பா.

“அதுவரைக்கும் உலையில சட்டத்தப் போட்டுப் பொங்கவாய்யா?” என்றார் கலியபெருமாளின் மனைவி அஞ்சலை. அப்பா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள். சுற்றிலும் நாற்றங்கால் பச்சையானபோது, அவர்கள் வயல் மட்டும் தரிசாகக் கிடந்தது.

சட்டத் திருத்தம் வந்தபோது அப்பா எழுதிக் கொடுத்த பிரிவு அதில் இல்லை. மேலிடத்தில் போய்க் கேட்டார். இப்போது வேண்டாம் என்றார்கள். அதே பிரிவைச் சேர்க்கச் சொல்லி எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் அதை எதிர்த்து முதலில் எழுந்து நின்றவர் அப்பா. அவரைப் பார்த்துத்தான் மற்ற உறுப்பினர்கள் எழ வேண்டும். அதுதான் தலைவரின் வேலை. பிரிவு தோற்றது.

“அன்னிக்கே பதவிய விட்டிருக்கலாமேப்பா?” என்று பின்னாளில் கேட்டேன்.

“நான் விட்டா அடுத்து வர்றவன் மேலிடத்துல போய்க் கேக்கக்கூட மாட்டாம்மா.”

அதை நான் நம்பினேன். இப்போது நம்புகிறேனா என்று தெரியவில்லை.

ஒரு போகம் விதைக்காமல் கிடந்ததையே நிலக்காரர் சாட்சியாக்கினார். குத்தகைதாரர்கள் தாங்களாகவே சாகுபடியைக் கைவிட்டார்கள் என்று தீர்ப்பானது. அப்பா மேல்முறையீடு செய்தார். அதைப் பற்றி விசாரிக்க வந்த அஞ்சலை, வாசலிலேயே நின்று, “எங்கள வரப்புல உக்கார வெச்சுட்டு, நீங்க அங்க எழுந்து நின்னீங்களாமேய்யா” என்றார்.

பிறகு மேலவையே கலைக்கப்பட்டது. அப்பா மறுபடி கறுப்பு அங்கியோடு நீதிமன்றம் போனார். பழைய கட்சி நண்பர்கள் வருவது குறைந்தது. கட்டணம் வாங்காமல் அந்த ஒரு வழக்கை மட்டும் ஒவ்வொரு மன்றமாக எடுத்துச் சென்றார். எல்லாவற்றிலும் தோற்றார். கடைசித் தீர்ப்பு வந்தபோது மருத்துவமனையில் இருந்தார்.

“நான் வாய மூடிட்டு இருந்திருந்தா அவங்க எறங்கி உழுதிருப்பாங்க” என்றார்.

அப்படியில்லை அப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

“மலர்ல இதெல்லாம் எதுக்கும்மா? நல்லத மட்டும் எழுது” என்றார் சித்தப்பா. அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். இரண்டு முறை அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன். அப்பாவின் நேர்மையையும் எளிமையையும் பற்றி எழுதினால், இதை மறைத்துவிட்டு எழுதியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவும் பகலும் உடனிருந்த அப்பாவின் இளம் வழக்கறிஞர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

கருமாதியன்று கலியபெருமாளும் வந்திருந்தார். படத்தைக் கும்பிட்டுவிட்டு உடனே கிளம்பினார். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னாலேயே போய், “சாப்ட்டுட்டுப் போங்க பெரியப்பா” என்றேன்.

“இல்லம்மா, நாத்துப் பறிக்கப் போவணும். நம்ம வயல்லதான். கூலிக்கு.”

அவருக்கும் நன்றி.